என் காது மிஷினும் ரஹ்மான் பாட்டும்



"டீச்சர் ஒரு மாசமா ஒண்ணுமே எழுதலையே, உடம்புக்கு முடியலையா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. காதுக்குத்தான். அதைச் சொல்ல வந்தால் பேச்சு ஏ.ஆர். ரஹ்மானிடம் போய், அங்கிருந்து என் பழைய வகுப்பறைக்குள் நுழைந்துவிடுகிறது. அதனால் பதிவு கொஞ்சம் நீளம். வெயில் தாழ்ந்த பிறகு டீயோடு உட்கார்ந்து படியுங்கள்.

ஒரு நாள் காலையில் அடுப்படியிலிருந்து மருமகள், "அத்தை, கீரை ஆயணும்" என்றாள். எனக்கு "கூரை மேயணும்" என்று கேட்டது. "மச்சு வீட்டுக்கு எதுக்கும்மா கூரை மேயணும்?" என்று கேட்டேன். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அது முதல் தடவை இல்லை என்பது எனக்குத் தெரியும். கொஞ்ச காலமாகவே போனில் யாராவது பேசினால் இரண்டு தடவை "என்ன, என்ன" என்பேன். மூன்றாவது தடவை கேட்க வெட்கமாகி, "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிடுவேன். எதற்குச் சரி சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அப்படித்தான் ஒரு கல்யாணத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டு போகாமல் இருந்துவிட்டேன். கோபத்தில் இருக்கும் அந்தச் சொந்தத்துக்கும் இந்தப் பதிவுதான் விளக்கம்.

மகன் ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதனை செய்ய வைத்தான். ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, 'கீ' என்று சத்தம் கேட்கும்போதெல்லாம் கையை உயர்த்தச் சொன்னார்கள். முடிவில் கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு வரைந்து காட்டினார் டாக்டர். இடது பக்கம் நேராக வந்த கோடு, வலது பக்கம் போகப் போக, நம் கடற்கரை மணல் தண்ணீருக்குள் இறங்குவதுபோல இறங்கியிருந்தது. கனத்த சத்தங்கள் நன்றாகக் கேட்கின்றன, மெல்லிய கூரிய சத்தங்கள்தான் போய்விட்டன என்றார்.

வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம்தான். உட்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. சங்கு பார்த்து வளர்ந்த உங்களுக்கு அதை நான் படம் போட்டு விளக்க வேண்டியதே இருந்ததில்லை. அதற்குள் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள். உயர்ந்த சத்தங்களைப் பிடிப்பவை வாசல் பக்கத்திலேயே இருக்கின்றன. வயதாகும்போது அவைதான் முதலில் போகின்றன. போனது முளைக்காது. 'ஈ'க்கும் 'ஊ'வுக்கும் அடிச்சத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மேலே சேருகிற கூர்மையான சத்தம்தான் 'ஈ'யை 'ஈ' ஆக்குகிறது. அது விழாத காதுக்குக் கீரை கூரையாகத்தான் கேட்கும். மருமகள் மேல் தப்பில்லை.

காது மிஷின் வந்தது. மாட்டிய அன்று அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில் இல்லை. மின்விசிறி, குக்கர், தெருவில் போகிற மீன் வண்டியின் ஹாரன், காகம், கச்சான் காற்றில் படபடக்கும் தென்னங்கீற்று, எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் புகுந்தன. சத்தம் கூடியது. பேச்சு புரியவில்லை. "மிஷின் எல்லாத்தையும்தான் பெருசாக்கும், உங்களுக்கு வேணுங்கிறதைப் பிரிச்சு எடுக்க மூளை பழகணும், கொஞ்ச நாள் ஆகும்" என்றார்கள்.

பழகுவதற்குப் பேத்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். "அப்பத்தா, உனக்குத் தெரிஞ்ச பாட்டா கேளு. வார்த்தை முன்னாடியே தெரியும்ல" என்று என் போனில் ரஹ்மான் பாட்டுகளாகப் போட்டுக்கொடுத்தாள். தினமும் காலையில் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். சில பாட்டுகள் திருவிழாக் கூட்டம்போல ஒரே இரைச்சலாக வந்தன. சில பாட்டுகளில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கழுவி வைத்த பாத்திரம்போல வந்தது. பேத்தியிடம் சொல்லி எந்தப் பாட்டு எந்த வருஷம் என்று ஒரு நோட்டில் எழுத வைத்தேன். டீச்சர் புத்தி போகுமா?

எழுதிப் பார்த்தால் அந்த மனிதர் 30 வருஷத்தில் நடந்து வந்த பாதை தெரிந்தது.

அதற்கு முன்னால் எங்கள் காலத்துக் காதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் பாட்டுக் கேட்டது இலங்கை வானொலியில். கடலுக்கு அந்தப் பக்கம் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசினால், இந்தப் பக்கம் நம் தெருவில் உள்ள எல்லா வீட்டிலும் கேட்கும். மீடியம் வேவ் அலை உப்புத் தண்ணீர் மேல் நன்றாக ஓடும் என்பதால் மதுரைக்காரர்களைவிட நமக்குத் தெளிவு. தெளிவு என்றால் எவ்வளவு? 'உஸ்ஸ்' என்ற இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல். காற்று மாறினால் பாட்டு பாதியில் போய்விடும், திரும்பி வரும்போது சரணம் முடிந்திருக்கும். எங்களுக்கு இசை என்றாலே இரைச்சலோடு சேர்த்துத்தான்.

சினிமா இசையில் மின்கருவிகள் ரஹ்மானுக்கு முன்பே வந்துவிட்டன. 1986-ல் வந்த புன்னகை மன்னனில் இளையராஜா கம்ப்யூட்டர் இசையைப் பயன்படுத்தியதை அப்போது பெரிய அதிசயமாகப் பேசினோம். இளையராஜா குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவர் திலீப். அப்பா ஆர்.கே. சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். அவர் 1976-ல் காலமானபோது பையனுக்கு 9 வயது. அப்பா விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் சாப்பிட்டது. அவரே கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். விளம்பரங்களுக்கு இசையமைத்துச் சம்பாதித்து, கோடம்பாக்கத்தில் வீட்டுப் பின்பக்கம் பஞ்சதன் என்ற ஒலிப்பதிவுக்கூடத்தைக் கட்டினார். ரோஜாவுக்கு முன்பே 'தீன் இசை மாலை' என்ற இஸ்லாமியப் பாடல் தொகுப்புக்கும் இசையமைத்திருந்தார்.

1992 ஆகஸ்டில் ரோஜா. அந்த கேசட்டைப் போட்ட முதல் நாள் என் காதை நானே நம்பவில்லை. 'சின்னச் சின்ன ஆசை'யில் மின்மினியின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல இருந்தது. அதுவரை பெரும்பாலும் பெரிய கூடத்தில் வயலின்காரர், தபலாக்காரர், பாடகர் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க, பாட்டைப் பதிவு செய்தார்கள். ஒருவர் தப்புச் செய்தால் மறுபடி முதலிலிருந்து. ரஹ்மான் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்தார். குரல் ஒரு நாள், புல்லாங்குழல் ஒரு நாள், பெரும்பாலும் ராத்திரியில். பிறகு கம்ப்யூட்டரில் எதை முன்னால் வைப்பது, எதைத் தள்ளி வைப்பது என்று அடுக்கினார். அவருக்கு எச். ஸ்ரீதர் போன்ற கை தேர்ந்த ஒலிப்பொறியாளர்கள் அமைந்தார்கள். ஸ்ரீதர் 2008-ல் காலமானார். முதல் படத்துக்கே ரஹ்மானுக்குத் தேசிய விருது கிடைத்தது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் தனித்தனியாக அடுக்குகிற வசதியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாம். பழைய முறையில் கூடத்தில் உட்கார இடம் இருக்கிற அளவுக்குத்தான் ஆட்கள். கம்ப்யூட்டரில் இடத்துக்கு ஏது பஞ்சம்? 1994-ல் காதலன், 1996-ல் காதல் தேசம். 'முக்காலா முக்காபுலா' ஓடாத கல்யாண வீடு நம் பக்கத்தில் உண்டா? தாளத்துக்கு மேல் தாளம், அதற்கு மேல் ஒரு மின் ஒலி, அதற்கு மேல் கூச்சல், அதற்கு மேல் குரல். குறை சொல்லவில்லை. உங்களோடு சேர்ந்து நானும் ஆண்டு விழாவில் அதை ரசித்தவள்தான். ஆனால் இன்றைக்கு இந்த மிஷினோடு கேட்டால் எனக்கு அது உச்சிப்புளி சந்தைக்கு நடுவில் நிற்பதுபோல இருக்கிறது. பாட்டில் என்ன வார்த்தை என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இங்கே நம் மைக்செட் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்தவன், கணக்கில் எப்போதும் தகராறு. இப்போது சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், கந்தூரி, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் அவன் செட்தான். வீட்டுக்கு வந்தவனிடம் கேட்டேன். "ஏன்டா, ரெண்டும் ரஹ்மான் பாட்டுதானே, ஒண்ணு ஏன் கேக்குது, இன்னொண்ணு ஏன் கேக்கலை?"

"டீச்சர், ஒரு சத்தம் இன்னொரு சத்தத்தை மூடும். அதுவும் கனத்த சத்தம் மெல்லிய சத்தத்தைச் சுலபமா முழுங்கிரும். மிக்சர்ல ஏத்துறதுக்கு யாருக்கும் தெரியும். பாடுறவர் குரல் கேக்கலைன்னா புது ஆளு குரலை ஏத்துவான். உடனே தபலா கேக்கலைம்பாங்க, அதை ஏத்துவான். அப்புறம் ஆர்மோனியம். கடைசியில ஸ்பீக்கர் கிழியும். பழகின ஆளு, குரலுக்குக் குறுக்க எது நிக்குதுன்னு பார்த்து அதை இறக்குவான். எதை இறக்கணும்னு தெரிஞ்சாத்தான் டீச்சர் வேலை."

கணக்கில் தகராறு செய்த பையன் எனக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு என் நோட்டில் இருந்த பாட்டுகளை மறுபடி கேட்டேன்.

முதலில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இறக்கத் தெரிந்தவர் ரஹ்மான் ஆரம்பத்திலிருந்தே. 1993-ல் திருடா திருடாவில் 'ராசாத்தி' என்று ஒரு பாட்டு. ஷாகுல் ஹமீது பாடினார். வாத்தியமே கிடையாது, குரலும் பின்னணிக் குரல்களும் மட்டும்தான். கையில் அத்தனை கருவி வைத்திருந்த 26 வயதுப் பையன் அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் போட்ட பாட்டு. அதே படத்தில்தான் மின் ஒலிகள் நிறைந்த பாட்டுகளும் இருக்கின்றன. அதே மாதிரி 2019-ல் பிகில் வரைக்கும் ஆரவாரமான பாட்டுகளும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கோடு போட்டதுபோல ஒரு நாளில் மாறினார் என்று சொன்னால் அது பொய். ஆனால் வருஷம் போகப் போக அவர் பாட்டுக்குள் காலி இடம் கூடியிருக்கிறது என்பது என் காதுக்கு நன்றாகத் தெரிகிறது.

2000-ல் அலைபாயுதே. 'எவனோ ஒருவன்' பாட்டில் ஸ்வர்ணலதாவின் குரலும் புல்லாங்குழலும் ஒன்றை ஒன்று இடிப்பதே இல்லை. ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கிறது. 2002-ல் கன்னத்தில் முத்தமிட்டால். மண்டபம் முகாம் நமக்குப் பக்கம் என்பதால் அந்தப் படத்தை நம் ஊர்க்காரர்கள் வெறும் கதையாகப் பார்க்கவில்லை. அதில் 'வெள்ளைப் பூக்கள்' பாட்டை ரஹ்மானே மெதுவான குரலில் பாடியிருக்கிறார். 'விடை கொடு எங்கள் நாடே'வை எழுபதைக் கடந்த எம்.எஸ். விஸ்வநாதனைப் பாட வைத்தார். அந்தக் குரலின் நடுக்கத்தை எந்த வாத்தியமும் மூடவில்லை. மூடியிருந்தால் நமக்கு அந்த வலி வந்து சேர்ந்திருக்காது. அந்தப் படத்துக்கும் அவருக்குத் தேசிய விருது கிடைத்தது.

இன்னொரு சேதி. கீபோர்டு என்றால் கட்டை கட்டையாக இருக்கும், ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் உள்ள சுரத்தை வாசிக்க முடியாது. நம் பாட்டில் உயிரே அந்த நடுவில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் லிப்போல்ட் ஹாக்கன் என்ற பேராசிரியர் 'கான்டினுவம்' என்று கட்டையே இல்லாத ஒரு கருவியைச் செய்தார். விரலை வைத்து இழுத்தால் வீணைக் கம்பியை இழுத்ததுபோலச் சத்தம் வழுக்கிக்கொண்டு போகும். 2009-ல் டெல்லி-6 படத்தில் 'ரெஹ்னா தூ' என்ற இந்திப் பாட்டின் முடிவில் ரஹ்மான் அதை வாசித்திருக்கிறார். பேத்தி தேடிப் போட்டுக் காட்டினாள். ஒற்றைக் குரல் முனகுவதுபோல இருக்கிறது. அதே வருஷம்தான் ஸ்லம்டாக் மில்லியனருக்காக 2 ஆஸ்கர் வாங்கினார். உலகமே கேட்கும் உயரத்துக்குப் போன மனிதர் இரைச்சலைக் கூட்டாமல், ஒற்றை விரலால் இழுக்கும் ஒரு சுரத்தில் நிற்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம்.

2015-ல் ஓ காதல் கண்மணியில் 'மௌலா வா சல்லிம்'. பாடியது அவருடைய பள்ளி வயது மகன் அமீன். 13-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் இமாம் பூசிரி எழுதிய புர்தாவிலிருந்து வந்தது. புர்தா ஓதுவதைக் கேட்டு வளர்ந்த புதுமடத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் ஓதும்போது என் வீட்டுத் திண்ணையில் எப்படிக் கேட்குமோ, கிட்டத்தட்ட அப்படியே ஒரு சிறுவன் குரல். அதைச் சுற்றி ஏராளமான இடம். 2023-ல் மாமன்னனில் வடிவேலு பாடிய 'ராசா கண்ணு'வும் அப்படித்தான். பாட்டுக்காரர் இல்லாத ஒருவரின் கரடுமுரடான குரலை மெழுகிப் பூசாமல் முன்னால் நிறுத்தியிருக்கிறார்.

இந்தப் பாட்டுகள் எல்லாம் என் மிஷினோடு எனக்கு எழுத்து எழுத்தாகக் கேட்டன. 1994-ல் நல்ல காதோடு கேட்ட பாட்டைவிட, பழுதான காதோடு இன்று கேட்கும் பாட்டு நன்றாகக் கேட்கிறது. காரணம், அதைச் செய்தவர் கேட்கிறவருக்கு இடம் விட்டிருக்கிறார். இவ்வளவுதான் நான் கண்டுபிடித்தது. ஆனால் இதோடு நிறுத்த முடியவில்லை.

பிள்ளைகளே, இனிமேல் சொல்லப்போவதுதான் என்னை ஒரு மாதமாக எழுத விடாமல் வைத்தது.

1990-களின் நடுவில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். பேர் போட வேண்டாம் என்றான். அவனுக்குப் பேச்சு திக்கும். 'ப'வும் 'க'வும் வாயில் வந்து நின்றுவிடும். கண்ணை இறுக்கிக்கொண்டு அந்த எழுத்தோடு மல்லுக்கட்டுவான். நான் என்ன செய்வேன் தெரியுமா? அவன் முடிப்பதற்கு முன்னால் நானே அந்த வார்த்தையைச் சொல்லி முடித்துவிடுவேன். அவனுக்கு உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. ஆனால் என்னைப் பார்த்து நீங்களும் கற்றுக்கொண்டீர்கள். அவன் வாயைத் திறந்தாலே நாலைந்து பேர் சேர்ந்து அவன் வாக்கியத்தை முடித்து வைத்தீர்கள். அரையாண்டுப் பரீட்சைக்குள் அவன் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டான். நான் அவனை "அமைதியான பையன்" என்று அவன் அம்மாவிடம் பாராட்டி வேறு பேசினேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல், "சரிங்க டீச்சரம்மா" என்று போய்விட்டார்.

பல வருஷம் கழித்து ஒரு பணியிடைப் பயிற்சியில் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளரைப் பற்றிச் சொன்னார்கள். அவர் வகுப்பறைகளை டேப்பில் பதிவு செய்து, ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தார். சராசரியாக ஒரே ஒரு விநாடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியர் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறார் அல்லது தானே பதிலைச் சொல்லிவிடுகிறார். அதை 3 விநாடியாக்கிப் பார்த்தபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, "தெரியாது" என்பது குறைந்தது, வாயே திறக்காதவர்கள் வாயைத் திறந்தார்கள். நான் அதை நோட்டில் அழகாக எழுதி, அடிக்கோடு போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் வைத்தேன். மறுநாள் வகுப்பில் பழைய ஒரு விநாடிதான். 45 பிள்ளைகள், பாடம் முடிக்க வேண்டும், அதிகாரி வருவார், இத்தனை காரணம் இருந்தது. உண்மைக் காரணம் வேறு. வகுப்பறையில் மௌனம் வந்தால் எனக்குப் பயம். பேச்சு நின்றால் டீச்சருக்குப் பாடம் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அதனால் நிரப்பிக்கொண்டே இருந்தேன். 30 வருஷ வேலையில் என் சத்தத்தை ஏற்றத்தான் கற்றுக்கொண்டேன். இறக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

இப்போது அந்தப் பையன் அரபு நாட்டில் வேலை பார்க்கிறான். நல்ல உத்தியோகம், இரண்டு குழந்தைகள். ஈத் வாழ்த்தும் பொங்கல் வாழ்த்தும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவான். எழுதினால் எனக்குக் கண் வலிக்கும் என்று குரலில்தான் அனுப்புவான். மிஷின் மாட்டிய பிறகு எனக்கு வந்திருந்த குரல் பதிவுகளை எல்லாம் வரிசையாகக் கேட்டேன். நீங்கள் அனுப்பியவற்றைத்தான் சொல்கிறேன். பாதிக்கு மேல் புரியவில்லை. கார் ஓட்டிக்கொண்டே பேசுகிறீர்கள், பின்னால் டிவி ஓடுகிறது, ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறீர்கள். ஒருவனுடைய பதிவு மட்டும் ஒரு வார்த்தை பிசகாமல் புரிந்தது.

அவன் இன்றும் திக்கித்தான் பேசுகிறான். ஆனால் இப்போது அதோடு மல்லுக்கட்டுவதில்லை. ஒரு வார்த்தை, கொஞ்சம் நிறுத்தம், அடுத்த வார்த்தை. வர மறுக்கிற எழுத்துக்கு முன்னால் நின்று, மூச்சு விட்டு, நிதானமாக எடுத்து வைக்கிறான். அந்த நிறுத்தத்தில் என் பழுதான காது முந்தைய வார்த்தையை வாங்கி, மூளைக்குக் கொடுத்து, அடுத்ததுக்குத் தயாராகிவிடுகிறது. எந்த இடைவெளியை நான் அவனிடமிருந்து பிடுங்கினேனோ, அந்த இடைவெளியால்தான் இன்று அவன் பேசுவது எனக்குக் கேட்கிறது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அவனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவன் பதறிப்போய், "டீச்சர், அதெல்லாம் எப்பவோ" என்றான். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. முன்பென்றால் "ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கியா?" என்று கத்தியிருப்பேன். இந்தத் தடவை மனசுக்குள் எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். மூன்றைத் தாண்டிப் பத்துக்கும் மேல் போயிருக்கும். பிறகு சொன்னான்.

"ஒரு நாள் நீங்க கேட்டீங்க டீச்சர், நம்ம ஊருக்குத் தெக்க இருக்கிற கடல் எதுன்னு. நான் எந்திரிச்சேன். நீங்களே மன்னார் வளைகுடான்னு சொல்லிட்டு, உக்காருன்னுட்டீங்க. எனக்குத் தெரியும் டீச்சர். எங்க அத்தா தினமும் வல்லத்துல போற கடல்தானே. அதை மட்டும் எங்க வீட்ல, எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருந்தேன். எனக்குத் தெரியும்னு."

அந்தக் கேள்வி எனக்கு நினைவில்லை. அவனுக்கு 30 வருஷமாக நினைவிருக்கிறது. வேறொரு வளைகுடாவின் கரையில் உட்கார்ந்துகொண்டு அவன் எனக்குப் பதில் சொன்னான். நான், "இப்ப சொல்லுப்பா, எந்தக் கடல்?" என்றேன். சிரித்துவிட்டான். பிறகு சொன்னான். 'ம'வில் கொஞ்சம் நின்று, முழுசாகச் சொன்னான். நான் நடுவில் புகவில்லை.

அவனைப்போல இன்னும் எத்தனை பேர் பதில் தெரிந்தும் உட்கார்ந்தீர்களோ, எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது இருந்தால், டீச்சரை மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிலை இப்போதாவது கீழே எழுதுங்கள். தாமதத்துக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

எல்லோருக்கும் இரண்டு வேண்டுகோள். எனக்குக் குரல் பதிவு அனுப்பும்போது டிவியை நிறுத்திவிட்டு, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு விடுங்கள். எனக்கு மட்டுமில்லை, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அப்படியே பேசுங்கள். "காது கேக்கலையா?" என்று கத்தினால் சத்தம்தான் கூடுகிறது, புரிவதில்லை. நிறுத்திச் சொன்னால் புரிகிறது.

உங்களில் 11 பேர் ஆசிரியர் வேலைக்குப் போயிருக்கிறீர்கள், எனக்குக் கணக்குத் தெரியும். நாளைக்கு வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மூன்று வரை எண்ணுங்கள். முதல் நாள் கஷ்டமாக இருக்கும், வாய் துறுதுறுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். திக்குகிற பிள்ளை இருந்தால் மூன்றோடு நிறுத்தாதீர்கள், அவன் முடிக்கும் வரை எண்ணுங்கள். எண்ணி முடித்துவிட்டு என்ன ஆயிற்று என்று எனக்குச் சொல்லுங்கள்.

மருமகள் கூப்பிடுகிறாள். இந்தத் தடவை கீரைதான். சரியாகக் கேட்டுவிட்டது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
புதுமடம்.